இருபது ரூபாய் வாடி

நன்றிக்கு அந்த வருடம் மன்னார்த் தீவில் விலை இருபது ரூபாய்.

பெனடிக்ற் கேட்டது நூறு. அதற்கு முதல் அவன் கேட்டது ஒன்றுமே இல்லை. சும்மா கொண்டுபோகச் சொன்னான். பேரம் தொடங்கியதே அதில்தான்.

தாழ்வுபாட்டுக் கரையில் அவனுக்கு ஒரு வாடி இருந்தது. மீனை வெட்டி உப்புப் போட்டுக் காயவைக்கும் கொட்டிலை எங்கள் கரையில் வாடி என்போம். உம்மு குல்சூம் அங்கே மீன் வெட்டப் போவார். அன்று சம்பளம் வாங்கிக்கொண்டு எழும்பும்போது, ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஒரு நாய்க்குட்டி மீன் செதிலை நக்கிக்கொண்டு நின்றது.

“சும்மா கொண்டுபோங்கோ அக்கா,” என்றான் பெனடிக்ற். “தாய் லொறியில அடிபட்டுப் போச்சு. கடுவனையெல்லாம் ஆக்கள் எடுத்திட்டினம். இது பெட்டை, ஒருத்தருக்கும் வேண்டாமாம். பின்னேரம் சாக்குக்குள்ள போட்டுப் பாலத்தடியில விடப்போறன்.”

“சும்மா தாற சாமான் எனக்கு வேணாம் தம்பி. நாளைக்கு வந்து என்ர எண்டு கேப்பாய். விலையைச் சொல்லு.”

“விலையோ? அப்ப நூறு.”

“நூறா! சாக்குக்குள்ள போட இருந்த சாமானுக்கா? அஞ்சு ரூவா.”

“அக்கா, தகப்பன் ஆரெண்டு தெரியுமோ? ஆமிக் காம்பில நிக்கிற வெளிநாட்டு நாய். காதைப் பாருங்கோ.”

குட்டிக்கு ஒரு காது நிமிர்ந்திருந்தது, மற்றது மடிந்து கிடந்தது. உம்மு குல்சூம் குனிந்து இரண்டையும் பார்த்தார்.

“நிமிர்ந்த காதுக்கு மட்டும் காசு தாறன். மடிஞ்சது உங்கட தெருநாயின்ர காது. அதைக் கொண்டுபோறதுக்கு நீதான் எனக்குக் கூலி தரவேணும்.”

மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். இருபதில் முடிந்தது. வியாபாரியின் மகள் அவர். சும்மா வாங்கினால் தகப்பனுக்குக் குறைச்சல், சொன்ன விலைக்கு வாங்கினால் பாட்டனுக்கும் குறைச்சல்.

முஸ்லிம் வீட்டில் நாய் வளர்ப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால். மன்னாரில் மண்ணுக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான். ஆனால் ஆடு மாட்டுக்குக் காவலாக வைத்திருக்கலாம் என்று மார்க்கத்தில் இடம் உண்டு. உம்மு குல்சூமிடம் இரண்டு ஆடுகள் இருந்தன. மூன்றாவதைத் தெருநாய்க் கூட்டம் அந்த மாதம்தான் கடித்துப் போட்டிருந்தது. ஆகவே குட்டி காவற்காரியாகத்தான் வளவுக்கு வந்தது. கொட்டில் வாசலோடு அதன் எல்லை முடிந்தது. சோறு சிரட்டையில், தூரத்தில். பெயரும் வைக்கவில்லை. பெயர் வைத்தால் பிள்ளையாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். பெட்டைக் குட்டி என்பதால் “வாடி” என்று கூப்பிட்டார். வாடியில் வாங்கிய சரக்கு வாடி என்று கூப்பிட ஓடிவந்தது. ஒரு மாதத்தில் அதுவே பெயராகிவிட்டது. பிள்ளையாகவும் ஆகிவிட்டது.

அவருக்கு வேறு யாரும் அங்கே இருக்கவில்லை. எருக்கலம்பிட்டியில் பிறந்தவர். தொண்ணூறில் இயக்கக்காரர் முஸ்லிம்களை ஊரோடு வெளியேற்றியபோது வள்ளத்தில் ஏறிப் போனவர். புத்தளத்து ஓலைக் கொட்டிலில் இருபது வருடம் இருந்து, அங்கேயே கணவரை அடக்கி, ஒரே மகளையும் அங்கேயே கட்டிக்கொடுத்து, சண்டை முடிந்ததும் தனியே திரும்பி வந்தார். வாப்பாவின் வளவில் பற்றையை வெட்டித் தகரக் கொட்டில் போட்டுக்கொண்டார். ஊர் திரும்பிவிட்டது என்று பத்திரிகையில் எழுதினார்கள். எங்கள் ஒழுங்கையைப் பொறுத்தவரை திரும்பியது அவரும் கழுதைகளும்தான். மற்றவர்களுக்குக் கடை புத்தளத்தில், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் புத்தளத்தில். பெருநாளுக்கும், காணி அளக்கும் நாளுக்கும், ஏதாவது கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளுக்கும் வாடகைக்கு வான் பிடித்து வருவார்கள். குற்றம் சொல்ல முடியாது. ஒருவனை வேரோடு பிடுங்கி வேறிடத்தில் நட்டுவிட்டு, இருபது வருடம் கழித்து மறுபடி பிடுங்கிக்கொண்டு வா என்றால் அவன் இலையை மட்டும்தான் கொண்டுவருவான்.

அப்போதுதான் வீட்டுத்திட்டம் வந்தது. கல்வீடு, ஓட்டுக் கூரை, கக்கூஸ் சேர்த்து. நிபந்தனை ஒன்றே ஒன்று: நிரந்தரமாகக் குடியிருக்கவேண்டும், வேறு இடத்தில் வீடோ தொழிலிடமோ சொந்தமாக இருக்கக்கூடாது.

கந்தோர் அதிகாரி வந்து பார்க்கும் நாள் இரகசியம். ஆகவே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முதல்நாளே இன்சாப் வந்து இறங்கினான். புத்தளத்தில் புடவைக் கடை வைத்திருப்பவன்; உம்மு குல்சூமின் அடுத்த வளவுக்காரன், அங்கே பேருக்கு ஒரு கொட்டிலும் உண்டு. வானில் இருந்து மனைவி, பிள்ளைகள், தொழுகைப் பாய், புத்தகப் பை, ஒரு கூடை கோழி எல்லாம் இறங்கின. கடைசியாக ஒரு சாக்கு.

“அது என்ன தம்பி?” என்றார் உம்மு குல்சூம்.

“சாம்பல் ராத்தா. அங்கால ஊரில பாக்க வந்தவர் அடுப்புக்குள்ள கையை விட்டுப் பாத்தவராம். ஒரு நாள் எரிச்ச சாம்பலுக்கும் ஒரு வருசச் சாம்பலுக்கும் வித்தியாசம் தெரியுமாம் அவருக்கு. கடைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில அள்ளினது. நல்ல பழைய சாம்பல்.”

“கோழியும் புத்தளத்தில இருந்தோ?”

“ஓம். ஒரு நாளைக்குக் குடியிருந்திட்டு வரட்டும். உங்களுக்கும் ரெண்டு விடட்டோ? வாடகை வேண்டாம், முட்டை விட்டால் என்ர.”

“எனக்கு எதுக்கு? நான் இஞ்சதானே இருக்கிறன்.”

இன்சாப் சிரித்தான். பிறகு வாசலில் படுத்திருந்த குட்டியைக் கண்டான். சிரிப்பு நின்றது.

“இது ஆற்ற?”

“என்ர. ஆட்டுக்குக் காவல்.”

“ராத்தா, உங்களுக்கு விசரே? வாறவர் சீவரத்தினம், நானாட்டான்காரர். சோனக வளவில நாய் நிண்டால் என்ன நினைப்பார்? காணிக்காரி புத்தளத்தில இருந்துகொண்டு மீன்பிடிகாரருக்கு வளவை வாடகைக்கு விட்டிருக்கிறா எண்டு. அங்கால ரெண்டு வளவு அப்பிடித்தானே பிடிபட்டது. நாயை ஒரு நாளைக்கு அனுப்பிவிடுங்கோ. மாரி வருது, இந்தத் தகரம் இன்னொரு காத்துக்கு நிக்குமோ?”

கூரையை அவரும் பார்த்தார். போன மாரியில் ஒரு தகரம் பறந்து பனையில் சிக்கியது. மகள் தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் கேட்பது ஒன்றுதான்: உம்மா, அந்தக் கொட்டிலுக்குள்ள எத்தனை நாளைக்கு? இந்த வீடு கிடைக்காவிட்டால் மாரிக்கு முன்னால் புத்தளத்துக்கு வந்துவிடுவதாக அவர் மகளுக்குச் சொல்லியிருந்தார். போனால் திரும்பி வரமாட்டார் என்று அவருக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

காலையில் பெனடிக்ற் மோட்டார் சைக்கிளில் வந்து குட்டியை மீன் பெட்டிக்குள் போட்டான்.

“திருப்பித் தந்தால் இருபது ரூவாய் தரமாட்டன் அக்கா. பாவிச்ச சாமான்.”

“ஒரு நாள்தான் வச்சிரு. பின்னேரம் கொண்டுவந்து தா. பட்டினி போடாத.”

சீவரத்தினம் பத்து மணிக்கு வந்தார். நல்ல மனிதர். இலஞ்சம் வாங்காதவர், தேத்தண்ணிகூடக் குடிக்காதவர். ஏமாந்து ஏமாந்து கூர்மையானவர். இன்சாப் வீட்டு அடுப்புக்குள் கையை விட்டார், திருப்தியாகத் தலையாட்டினார். புத்தகப் பையைத் திறந்தார். கோழிகளுக்கு ஒரு பிடி அரிசி போட்டார். இப்படி ஒரு குடும்பத்தைக் கண்டால் யாருக்கும் வீடு கொடுக்கத்தான் மனம் வரும்.

பிறகு அடுத்த வளவுக்கு வந்தார். இன்சாப்பும் கூடவே வந்தான்.

“தனியவோ அம்மா இருக்கிறியள்?”

“ஓம் சேர்.”

“சீவியத்துக்கு?”

“தாழ்வுபாட்டில மீன் வெட்டப் போறனான்.”

எழுதிக்கொண்டார். சாம்பலைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் ஒழுங்கை முனையில் புழுதி கிளம்பியது. மீன் விற்கச் சுற்றிக்கொண்டிருந்த பெனடிக்ற் சந்தியில் பிரேக் பிடித்தபோது பெட்டியில் இருந்து பாய்ந்த குட்டி, கழுத்தில் கயிறு இழுபட, நேரே வளவுக்குள் வந்தது. உம்மு குல்சூமின் காலைச் சுற்றியது. ஒரு நாளும் இல்லாத வழக்கமாக அவருடைய கையை நக்கியது.

“ஆற்ற நாய்?” என்றார் சீவரத்தினம்.

இன்சாப் முந்திக்கொண்டான். “அது வாடி நாய் சேர். தாழ்வுபாட்டில நிக்கிறது. மீன் மணத்துக்கு வருது.” சொன்னது போதாதென்று வேலிக் கம்பு ஒன்றை உருவி, “சூ, போ!” என்று ஓங்கி ஒன்று போட்டான்.

குட்டி கத்தியது. ஓடவில்லை. உம்மு குல்சூமின் பாவாடைக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு அங்கிருந்து கத்தியது. அவன் இரண்டாம் முறை கம்பை ஓங்கினான்.

“அடிக்காத!” என்றார் உம்மு குல்சூம். “வாடி என்ரதுதான் சேர். அல்லா அறிய என்ர. பொய் சொல்ல ஏலாது.”

சீவரத்தினத்தின் பேனை நின்றது.

“வாடி உங்கடையோ?”

“ஓம் சேர். காசு குடுத்து வாங்கினனான். பெனடிக்றிட்ட.”

“தாழ்வுபாட்டிலயோ?”

“ஓம். அவர் நூறு கேட்டவர். நான் இருபதுக்கு முடிச்சனான்.”

வாடி இலட்சத்துக்கா ஆயிரத்துக்கா போகும் என்று நானாட்டான் வயற்காரருக்கு எங்கே தெரியும்? நூறாயிரம் கேட்ட இடத்தை இருபதினாயிரத்துக்கு முடித்திருக்கிறாள், கெட்டிக்காரி என்றுதான் அவர் எண்ணியிருக்கவேண்டும். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

“அப்ப இரவில எங்க?”

“வாடியோடதான் சேர்,” என்றார் உம்மு குல்சூம். கண்ணீரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “எனக்கு வேற ஆர் இருக்கினம்?”

சீவரத்தினம் புத்தகத்தை மூடினார். கோபிக்கவில்லை. வருத்தப்பட்டார், அதுதான் மோசம். “உண்மையைச் சொன்னது நல்லது அம்மா. கனபேர் இதைக்கூடச் சொல்லுறேல்லை,” என்றார்.

இன்சாப்புக்கு விளங்கிவிட்டது. சொல்லில் விழுந்த முடிச்சு அவன் கண்ணுக்குத் தெரிந்தது. ‘சேர், வாடி எண்டது நாயின்ர பேர்’ என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் ஒரு சொல்லைத் திருத்தப் போனால் அது உனக்கு எப்படித் தெரியும், இந்த நாய் எப்போது வந்தது, முதலில் ஏன் வேறு மாதிரிச் சொன்னாய் என்று அவர் கேட்பார். பிறகு சாம்பலில் இருந்து மறுபடி தொடங்கவேண்டி வரும். அவன் கம்பை வேலியில் திரும்பச் செருகினான். மிக ஒழுங்காகச் செருகினான்.

வீடு கிடைத்தவர்களின் பெயர்கள் ஒட்டிய அன்றுதான் உம்மு குல்சூமுக்கு விசயம் தெரிந்தது. அவருக்கு வீடு இல்லை; காரணம்: தொழிலிடம் சொந்தமாக உண்டு, வசிப்பிடம் தாழ்வுபாடு. பெனடிக்ற் அவரை ஏற்றிக்கொண்டு கந்தோருக்குப் போனான்.

“சேர், வாடி என்ர. அக்கா வாங்கினது நாய். நாயின்ர பேர்தான் வாடி.”

அங்கிருந்த கிளாக்கர் கதிரையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “வாடியை வித்த ஆளும் நீர். விக்கேல்லை எண்டு சொல்ல வந்த ஆளும் நீர். இப்ப அது நாயோ? சோனக மனுசி நாயைக் காசு குடுத்து வாங்கினவவோ? அதுவும் பேரம் பேசி?”

“ஓம் சேர்.”

“நல்லாத்தான் கதை கட்டுறியள். போட்டு வாங்கோ.”

வெளியே பெனடிக்ற் மோட்டார் சைக்கிளை உதைத்தான். “அக்கா, உங்களுக்கு நான் சும்மாதானே தந்தனான். சும்மா எடுத்திருந்தால் இவ்வளவு இல்லை.”

“பேசாம ஓட்டு,” என்றார் உம்மு குல்சூம்.

மகளுக்கு அன்று அவர் சொன்னது சுருக்கம். வரவில்லை என்றார். வீடு கிடைத்துவிட்டதா என்று மகள் கேட்டாள். இல்லை என்றார். அப்போது ஏன் என்று மகள் கேட்டாள். “பஸ்ஸில நாய் ஏத்தமாட்டாங்கள்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மாரியில் இரண்டு தகரம் போயின. மாரிக்கு முன்னமே எழும்பிவிட்ட கல்வீடுகளுக்கு நடுவில் அந்தக் கொட்டில் ஒழுகியது. இன்சாப் தன் புதிய வீட்டுத் திறப்பை அவரிடம் நீட்டி, “மழைக்கு வேணுமெண்டால் உள்ள படுங்கோ ராத்தா, ஆனா நாய் மட்டும் வேண்டாம், புது நிலம்,” என்றான். அவர் திறப்பை வாங்கவில்லை. மழை இரவுகளில் குட்டியைக் கொட்டிலுக்குள் எடுத்துக்கொண்டார். விடியத் தொழுகைக்கு முன்னால் மண்ணும் தண்ணீருமாகக் கழுவினார்.

மாரி ஓய்ந்த பிறகு எங்கள் ஒழுங்கையின் கணக்கு இது. நிரந்தரமாகக் குடியிருப்போருக்கெனக் கட்டிக்கொடுத்த வீடு ஒன்பது. பூட்டுத் தொங்குவது ஏழில். பெருநாளுக்குப் பெருநாள் திறப்பது இரண்டு. நிரந்தரமாகக் குடியிருப்போர்: தகரத்துக்குக் கீழே மனுசி ஒன்று, ஆடு இரண்டு, நாய் ஒன்று. இன்னும் கொடுக்கவேண்டியது: வீடு ஒன்று.