இடக்கைக் காமிரா

தன் சலூனில் இருந்த பழைய முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றியபோதுதான் முனேயோஷிக்கு அந்தப் படம் கிடைத்தது. கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே யாரோ செருகி வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படம். சுவா ஏரிக்கரையில் கிமோனோ கட்டிய ஒரு பெண், இருபது வயதிருக்கும், சிரித்த முகமாக நெஞ்சுக்கு நேரே ஒரு காமிராவைப் பிடித்திருந்தாள். முன்பு சலூன் வைத்திருந்தவர் இறந்து பத்து வருடமாகிறது. கேட்க ஆளில்லை.

பெண் யாரென்று முனேயோஷி யோசிக்கவே இல்லை. அவர் கண் போனது காமிரா மேல். காமிராப் பட்டறைகளுக்குப் பேர்போன ஒகாயா ஊரில் பலருக்கும் இருக்கிற கிறுக்குதான் அவருக்கும். வீட்டில் முப்பத்தொரு பழைய காமிராக்கள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இரட்டை உருவத்தை ஒன்றுசேர்த்துத் தூரம் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டர் வகை, சந்தேகமில்லை. ஆனால் ஷட்டர் பொத்தான் அவளுடைய இடது கைப் பக்கம் இருந்தது. இடக்கைக்காரர்களுக்கென்று ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் செய்ததாக எந்தப் புத்தகத்திலும் இல்லை. பெயர் பொறித்த இடத்தை அவள் விரல்கள் மறைத்திருந்தன.

சலூனுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஒவ்வொரு திங்களும் தோஃபு கடைக்காரர் கத்ஸுஜி வந்துவிடுவார். இருவரும் பன்னிரண்டு வாரம் அந்தப் படத்தை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஏதோ சோதனைக்காகச் செய்த ஒரே ஒரு காமிரா என்று கடைசியில் முனேயோஷி முடிவுகட்டி, தோக்கியோவில் ஒரு காமிராப் பத்திரிகைக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதித் தபால்தலையும் ஒட்டிவிட்டார்.

அன்றைக்கு அவர் மனைவி தொமியே தேநீரும் ஊறுகாயும் கொண்டுவந்தாள். கல்யாண மண்டபத்தில் மணப்பெண்களுக்குக் கிமோனோ கட்டிவிடுவது அவள் வேலை. காமிரா விஷயமென்று இதுவரை அவளிடம் யாரும் படத்தைக் காட்டியிருக்கவில்லை. தட்டை வைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"இந்தப் பொண்ணுக்கு யாருங்க பிணத்துக்குக் கட்டுற மாதிரி கட்டிவிட்டது?"

"என்ன உளர்றே?" என்றார் முனேயோஷி.

"இடப்பக்கத் துணிதானே மேல வரணும்? இதுல வலப்பக்கம் மேல வந்திருக்கு. செத்தவங்களுக்குத்தான் அப்படி. இவ என்னடான்னா ஈன்னு சிரிச்சிட்டு நிக்கிறா."

கத்ஸுஜி மெல்ல எழுந்து படத்தைப் புதுக் கண்ணாடிக்கு எதிரே பிடித்தார். கண்ணாடிக்குள் துணி சரியாக இருந்தது. ஷட்டர் பொத்தான் வலது கைக்கு வந்துவிட்டது. படச்சுருளைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நேராகப் பார்த்ததும் வடிவம் பிடிபட்டுவிட்டது, அது ஹோஷிகா காமிரா. இதே ஊர்ப் பட்டறையில் ஆயிரக்கணக்கில் செய்தது. முனேயோஷியிடமே ஒன்று உண்டு.

"தபால்தலையை ஆவியில காட்டினா உரிஞ்சு வந்துடும்யா," என்றார் கத்ஸுஜி.

முனேயோஷிக்கு முகம் காதுவரை சிவந்தது. ஆசை கண்ணை மறைத்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு, தலையில் கைவைத்துக்கொண்டு அவரே சிரிக்கத் தொடங்கினார். தொமியே சிரிக்கவில்லை. கண்ணாடிக்குள் தெரிந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடக்கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம்.

"அட, இது நம்ம மித்ஸுயோ அக்கா இல்ல?"

மித்ஸுயோ எதிர்ச்சாரியில் விலாங்கு மீன் கடை நடத்துபவள். வயது ஐம்பத்தைந்து. மூவரும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்கள். படத்தைப் பார்த்ததும் அவள் விசிறியை அடுப்போரம் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தப் பட்டறையில்தான் அவள் ஆறு வருடம் வேலை பார்த்தாளாம். ரேஞ்ச்ஃபைண்டருக்குள் இரண்டாகத் தெரியும் உருவம் சரியாக ஒன்றுசேரும்படி திருகிவைப்பது அவள் பொறுப்பு. நீளமுடி காமிராவுக்குள் விழுகிறதென்று மேஸ்திரி தினமும் திட்டவே, பெண்களுக்கு முடிவெட்டும் கடைக்குப் போகப் பொறுமையில்லாமல் நேரே இந்த எதிர்ச்சாரி ஆண்கள் சலூனில் போய் உட்கார்ந்துவிட்டாள். வெட்டத் தயங்கிய அந்தக் கடைக்காரருக்கு, முடியோடு இருந்த தன் படத்தை ஞாபகமாக வைத்துக்கொள்ளும்படி கொடுத்தாள். அவளே முதன்முதலாக அச்சிட்ட படம் அது.

"தலைகீழா அச்சடிக்காம விட்டேனே, அதுவே பெரிசு," என்றாள்.

முனேயோஷி தயங்கித் தயங்கித் தன்னுடைய ஹோஷிகாவைப் பற்றிச் சொன்னார். வாங்கிய நாளிலிருந்து இரட்டை உருவம் ஒன்றுசேர மறுக்கிறது. மத்ஸுமோத்தோ நகரம் வரை கொண்டுபோய்க் காட்டியும் பயனில்லை.

"கொண்டு வா."

கடை மேஜையிலேயே துணி விரித்து, மூக்குக்கண்ணாடி ரிப்பேர் பண்ணும் சின்னத் திருப்புளியால் மேல்மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு திருகின் தலையில் சிவப்புச் சாயம் ஒரு பொட்டாகக் காய்ந்திருந்தது.

"திருகி முடிச்சதுக்கு அடையாளமா மத்தவங்கல்லாம் வெள்ளை வைப்பாங்க. சிவப்பு நான் மட்டுந்தான்," என்றவள் முகம் சற்று மாறியது. "இப்படிக் கோணலா விட்டிருக்கேன் பாரு. அன்னிக்கு என்ன நினைப்புல இருந்தேனோ."

மீன் வேகும் நேரத்துக்குள் வேலை முடிந்தது. சோற்றின் மேல் மீன் வைத்த பெட்டிகள் வந்தன. தொமியேயின் பெட்டியில் மட்டும் மீன் இரண்டடுக்கு. முனேயோஷி சாப்பிடாமல் காமிராவைக் கண்ணில் வைத்தார். எதிரே இரண்டு தொமியே தெரிந்தார்கள். வளையத்தைத் திருப்பத் திருப்ப இருவரும் நகர்ந்து வந்து, மயிரிழை பிசகாமல் ஒருத்தியானார்கள்.

"வாயில சோறு இருக்கு," என்றாள் தொமியே.

அவர் பொத்தானை அமுக்கிவிட்டிருந்தார்.