லோடு தின்ற பங்கு

1

இந்தக் கதை என் கைக்கு வந்தபோது நான் சிரித்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் காலண்டர் அடிக்கும் கம்பெனி ஒன்றில் புரூஃப் பார்ப்பவன் நான். மிச்ச நேரத்தில் வாரப் பத்திரிகைகளுக்குக் கதை எழுதுகிறேன். எங்கள் மெஷின்மேன் பாண்டிராஜ் போன வாரம் என் மேசையருகே வந்து நின்று இதைச் சொன்னான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: 'லோடு என்கிற நாய்க்குச் சமைத்த சோறு பிடிக்காது.' (அடித்துவிட்டேன். இது நாய்மேல் பழியைப் போடுகிற வேலை.)

இரண்டாம் தொடக்கம்: 'நாகரிகம் முற்றிய இந்த இரண்டாயிரத்து ஏழிலே, மனிதன் தன் நாய்க்கு—' (சீ, பிரசங்கம்.)

சரி, உள்ளபடியே சொல்கிறேன். பேப்பர் லோடு ஏற்றி வந்த லாரியில் குட்டியாக வந்த நாய் அது. பெயரும் அப்படியே நின்றுவிட்டது. சொறி பிடித்து முடி கொட்டியது. பாண்டிராஜ் பிரவுசிங் சென்டரில் யாரோ எழுதியதைப் படித்துவிட்டு, சோற்றை நிறுத்திப் பச்சைக் கறியும் பச்சை எலும்பும் போட ஆரம்பித்தான். "நமக்கு ரசம், அதுக்குக் கறியா? நல்லாருக்குய்யா ஒங்க நியாயம்!" என்று அவன் மனைவி மாரிசெல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.

கறி கொடுத்தவர் எதிர்வீட்டு சாபிர். கறிக்கடை வைத்திருக்கிறார். கடையில் கழிகிற சவ்வு, கொழுப்பு, எலும்பையெல்லாம் ஒரு கறுப்புப் பையில் போட்டு முடிந்து வைப்பார். மத்தியானம் அவர் மனைவி நசிமா அதைக் கொண்டுவந்து கொடுப்பாள். அவள் பாண்டிராஜை அண்ணே என்பாள். அதனால் சாபிருக்கு அவன் மச்சான்.

3

பக்ரீத் அன்று கடை இல்லை. ஆனாலும் மத்தியானம் நசிமா வந்தாள். கையில் கறுப்புப் பை, உடம்பில் புதுச்சேலை. (சேலையை அவன் கவனிக்கவில்லை என்று எழுதினால் அவனுக்கு நல்லது. ஆனால் கவனித்தேன் என்றுதான் சொன்னான். இருக்கட்டும்.) லோடு கேட்டின் மேல் கால் வைத்துக் குதித்தது. பாண்டிராஜ் பையை வாங்கி முடிச்சை அவிழ்த்து, அவள் நிற்கும்போதே நாயின் தட்டில் கொட்டினான்.

"பண்டிகை நாளும் அதுவுமா நாய மறக்காமக் கொண்டாந்துட்டியேம்மா! ஒனக்கு எம்புட்டுப் பெரிய மனசு!"

நசிமா தட்டைப் பார்த்தாள்.

"சாப்பிடட்டும்ணே. வாயில்லாச் சீவன்" என்றாள். போய்விட்டாள்.*

(*போன வருடம் வரை அந்த வீட்டிலிருந்து தூக்குவாளியில் பிரியாணிதான் வரும். அதனால் ஏமாந்துவிட்டான் என்று அவனுக்காக வாதாடலாம், வாதாடியும் பார்த்தேன். காலண்டரில் பக்ரீத்தைச் சிவப்பில் அடித்த மெஷின் அவனுடையது. புரூஃப் பார்த்தது நான். எங்கள் இருவருக்கும் அந்த நாளைப் பற்றி அந்தச் சிவப்புக்கு மேல் ஒன்றும் தெரியாது.)

4

மறுநாள் சாபிரே வந்தார். கையில் இன்னொரு கறுப்புப் பை.

"நேத்து கடை லீவுல்ல மச்சான். லோடு பட்டினி கெடந்திருக்கும், பாவம்."

பாண்டிராஜுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கறி சாப்பிட்டீகளா? எப்படி இருந்துச்சு? குர்பானிக் கறிய மூணு பங்கு வைப்போம். வீட்டுக்கு ஒண்ணு, இல்லாதவுகளுக்கு ஒண்ணு, சொந்தக்காரவுகளுக்கு ஒண்ணு. சொந்தக்காரவுக பங்குல மொதப் பையே ஒங்களுக்குத்தான்னு நசிமா கட்டுச்சு. 'மாரிசெல்வியக்கா கைப்பக்குவத்துல வைக்கட்டும், பச்சையாவே குடுப்போம்'னு சொல்லுச்சு."

எதிர்வீட்டு வாசலில் நசிமா நின்றிருந்தாள். புருசனிடம் அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

5

முடிவு அ: பாண்டிராஜ் உண்மையைச் சொல்கிறான். சாபிரின் முகம்— (அந்த முகத்தை எழுத எனக்குத் தைரியமில்லை. நசிமாவிடம் அவர் கேட்கப்போகும் கேள்வியையும்.)

முடிவு ஆ: "பிரமாதம் சாபிரு" என்கிறான். சாபிர் மகிழ்ந்து போகிறார். எதிர்வாசலில் அது அவள் காதிலும் விழுகிறது.

"நீ என்னதான்டா சொன்னே?" என்று பாண்டிராஜிடமே கேட்டேன்.

"அத விடுங்கண்ணே. கதையிலயாவது நாங்க அதத் தின்னதா எழுதிருங்க" என்றான்.

என் சிரிப்பு அங்கேதான் நின்றது.

6

எழுதினேன். மாரிசெல்வி சின்ன வெங்காயம் உரிக்கிறாள். மிளகும் சீரகமும் வறுபடுகின்றன. குழம்பு கொதிக்கிற வாசம் தெருவுக்கே போகிறது. லோடு கொல்லையில் கட்டிக் கிடந்து ஊளையிடுகிறது. பாண்டிராஜ் ஒரு கிண்ணத்தில் குழம்பை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போகிறான். "ருசி பாரு தங்கச்சி." நசிமா கிண்ணத்தை வாங்கி—

(இங்கே நிறுத்திவிட்டேன். நசிமா வாரப் பத்திரிகைகளை ஒன்று விடாமல் படிக்கிறவள். பெயர்களை மாற்றிவிட்டேன்தான், மாற்றி என்ன? இந்தக் குழம்பை ஊரே நம்பும். அவள் ஒருத்தி நம்பமாட்டாள். இந்தத் தடவையும் யாரிடமும் சொல்லாமல் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவாள். அவளை இரண்டாவது முறையும் வாயை மூட வைப்பதற்கா நான் எழுதுகிறேன்? வெட்கமாக இருக்கிறது.)

7

ஆகவே சாபிர் இன்னும் கேட்டருகேதான் நிற்கிறார். லோடு அவர் கையை நக்குகிறது. எதிரே நசிமா.

"சொல்லுங்க மச்சான், கறி எப்படி இருந்துச்சு?"

பாண்டிராஜ் வாயைத் திறந்துவிட்டான். "கறி வந்து, சாபிரு—"

மீதியை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். எதிர்வாசலில் நிற்கிறவளுக்கும் கேட்க வேண்டும்.