கேசட்டில் இல்லாத ஒரு சொல்

பள்ளிவாசல் முற்றத்தில் ரிஸாவின் சவப்பெட்டியை வைத்துவிட்டு இமாம் வழக்கம்போலக் கேட்டார்: "இவர்மேல உங்களுக்கு என்ன பாத்தியதை இருந்தாலும் ஹலாலாக்கிட்டீங்களா?" "ஆக்கிட்டோம்" என்றோம், பாக்கியெல்லாம் மன்னித்துத் தீர்த்தாயிற்று என்று அர்த்தம். மூன்று முறை கேட்பார். மூன்று முறையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பெட்டி விமானம் ஏறித் துருக்கியில் ஊருக்குப் போகும். முதல் வரிசையில் நின்ற மகன் செர்ஹானின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒற்றை மைக்கை வைத்துக்கொண்டு எங்கள் கிரொய்ட்ஸ்பெர்க் பேட்டை முழுவதையும் கத்தவைப்பவன் அவன். இருப்பவர்கள் இறந்தவரை மன்னித்தாயிற்று. இறந்தவர் மன்னித்தாரா என்று கேட்க இமாமிடம் கேள்வி கிடையாது. பையனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

என் டீக்கடைக்கு அடியில் உள்ள நிலவறையில்தான் அவனும் கூட்டாளிகளும் ஹிப் ஹாப் பாடுவார்கள். அவர்கள் தாளத்தைத் தட்டிவிட்டால் மேலே டீ டம்ளர்கள் மேசையில் நடக்கும், சர்க்கரை கலக்கக் கரண்டி வேண்டாம். ஒரு டம்ளர் தெருவைத் தாண்டி எதிரே ஜெர்மன்காரனின் பீர் கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவன் திருப்பித் தரவில்லை. இதை நான் பலரிடம் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறேன்.

"இங்க இருந்தா துருக்கிக்காரன், அங்க போனா ஜெர்மன்காரன், நடுவுல விமானத்துல மட்டும் நான் நானு" என்று அவன் பாடியபோது ரிஸாகூடத் தலையாட்டினார். அடுத்த பாட்டில்தான் வினை. இரும்பு வார்ப்பாலையில் அப்பா நெஞ்சைக் கரியாக்கிக்கொண்டதையும், மேஸ்திரி முன்னால் கூனி நின்றதையும் பாடிவிட்டான். ரிஸா நிலவறைக்குப் படியிறங்கிப் போனார். "வீட்டு அவமானத்தத் தெருவுல பாடுறியா? உனக்காக நான் பட்ட பாடு உனக்கு ஹலால் இல்லடா! போ!"

பெற்றவன் வாயிலிருந்து இதைவிடக் கனமான சொல் எங்களிடத்தில் இல்லை. வேறு பையனாயிருந்தால் காலில் விழுந்திருப்பான். மைக் திறந்திருந்தது, கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அகப்பட்ட சத்தத்தை வீணாக்காதது அவர்கள் தொழில். அப்பாவின் குரலை வெட்டித் தாளத்தின் மேல் ஒட்டினான். ஹலால் இல்லடா, ஹலால் இல்லடா. அந்தக் கோடையில் அரபுப் பையன்களிலிருந்து போலீஸ்காரர் மகன்வரை எல்லோரும் அதையே பாடினார்கள். சிக்னலில் நிற்கும் கார்களிலிருந்து தன் சாபமே தன்னைப் பார்த்துக் கத்த, ரிஸா சந்து வழியாக வேலைக்குப் போகத் தொடங்கினார். மகனோடு பேச்சு நின்றது.

போன குளிர்காலத்தில் ஒரு மத்தியானம், கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். தரைக்கு அடியிலிருந்து ரிஸாவின் குரல் ரிஸாவைத் திட்டிக்கொண்டிருந்தது. டம்ளர் நகராமல் கையால் பிடித்துக்கொண்டு இருமினார்.

"நெஜாத், பய தாளம் தப்பாமத்தான் போடுறான்" என்றார். டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "ஹலாலாக்கிட்டேன்யா. எல்லாத்தையும். நீ சொல்லிராத, உன் வாய்ல போனா கதையாயிடும். நானே சொல்லிக்கிறேன்."

பனி உருகுவதற்குள் போய்விட்டார்.

பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு வந்த செர்ஹானை உட்காரவைத்து, நடந்ததை அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை.

"மாமா, அந்த டம்ளர் ரோட்டத் தாண்டிப் போச்சே..."

"அது வேறடா. இது சத்தியம்."

"அதுக்கும் சத்தியந்தான் பண்ணீங்க."

"கழுத, அந்தாளு இந்த நாற்காலியிலதான்டா இருந்தாரு!"

"சரி மாமா. நல்லா சொன்னீங்க." என் கையை எடுத்து முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டான். அழுகிற குழந்தைக்கு மிட்டாய் கொடுத்த கிழவனுக்குச் செய்யும் மரியாதை அது.

பிறகு நிலவறைக்கு இறங்கினான். தாளத்துக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. வெட்டாத பழைய கேசட்டைப் போட்டிருந்தான். அப்பாவின் குரல் அவனிடம் இருந்தது அது ஒன்றில்தான். ஹலால் இல்லடா, போ. பாட்டில் வெட்டி எறிந்திருந்த மிச்சம் அதன் பிறகு வந்தது: படியில் நின்று ரிஸா மூச்சு வாங்குவது, ஏதோ சொல்ல வந்ததுபோல ஒரு இருமல், கதவு. நாடா பின்னால் சுற்றும் சத்தம். மறுபடியும் மூச்சு, இருமல், கதவு.

ரிஸாவின் இடத்தில் ஒரு டம்ளர் டீ ஊற்றி வைத்தேன். அது இருந்த இடத்திலேயே இருந்தது.