முறைச் சோறு

நல்லதம்பியின் சாப்பாட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு மாதம் பெரிய மகன் வீடு, மறு மாதம் சின்னவன் வீடு. யாரும் அவர் தலையில் கட்டியதல்ல. நிலத்தைப் பங்கு பிரித்த அன்று, பிள்ளைகளுக்குள் பின்னால் பேச்சு வரக்கூடாதென்று அவரே வைத்த முறை. மாதப் பிறப்பன்று தன் வெண்கல வட்டிலைத் துண்டில் முடிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

அந்த ஆவணி ஒன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. சின்ன மருமகள் அமராவதி காலையிலேயே வட்டிலைப் புளி போட்டுத் துலக்கிக் கையில் கொடுத்து அனுப்பினாள். பொய் சொல்வானேன், மனதுக்குள் அவளுக்கு நிம்மதிதான். இனி ஒரு மாதம் கஞ்சியும் கஷாயமும் இருமலும் ஓரகத்தி பாடு.

மதியத்துக்கு மேல் ஓரணாவுக்குச் சுக்கு வாங்க ஷேக் தாவூது கடைக்குப் போனாள். கடைவாசல் பெஞ்சில் மாமனார் உட்கார்ந்திருந்தார். மடியில் வட்டில், முடிச்சு அவிழாமல்.

தாவூதின் மனைவி ரம்லத் பீவி பக்கவாசலிலிருந்து கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"ஒங்க மாமா காலையிலேருந்து இங்கிட்டேதான் ஒக்காந்திருக்காக. பெரிய வீடு பூட்டிக் கெடக்காம்ல. கீரனூருக்குக் காதுகுத்துக்குப் போயிட்டாகளாம், நாளைக்குத்தான் வருவாகளாம். ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. ஒரு நாள்தானே, அவர் சின்னவன் வீட்டிலேயே இருந்துகொள்வார் என்று பெரியவனுக்கு நினைப்பு. இவளுக்கு அவர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார் என்ற நினைப்பு. நடுவில் கிழவர் பட்டினி.

"ஜும்மா முடிஞ்சு வந்து எங்க மாமா சாப்பிடக் கூப்பிட்டாக. ஒங்க மாமா சாப்பிட்டாச்சுங்கிறாக. அவுக வராம எங்க மாமா சோத்துல கை வைக்க மாட்டேங்கிறாக. மாமா கை வைக்காம இந்த வீட்டுல யாரு சாப்பிடுறது?"

உள்ளே பாயில், எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய சஹன் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. தாவூதின் தகப்பனார் ஹாஜா முகைதீன், நல்லதம்பியின் பழைய சிநேகிதர், கை கழுவிவிட்டுச் சும்மா இருந்தார். மகன்களும் அப்படியே இருந்தார்கள்.

"ஒங்க மாமா குடுத்து வச்ச மனுசர்" என்றாள் அமராவதி.

"நீ ஒண்ணு. காய்ச்சல்ல கெடந்தாலும் எந்திரிச்சு வந்து கை வைக்கணும், இல்லாட்டி வீடே பட்டினி. அதுவும் பாரந்தான், பாவம்."

அமராவதி மாமனாரிடம் போனாள். "வீட்டுக்கு வாங்க மாமா."

"இன்னிக்குப் பெரியவன் முறைல்ல ஆத்தா."

எவ்வளவு சொல்லியும் அவர் அசையவில்லை. கடைசியில் அவள் சொன்னாள்: "அப்ப உள்ள போயி ஒக்காருங்க. ஒங்களால இந்த வீட்டுல ஒருத்தரும் சாப்பிடலை."

நல்லதம்பி பதறிப்போய் எழுந்தார். தன் பசியைத் தாங்குவார், அடுத்தவர் பசியைத் தாங்க மாட்டார்.

"இப்பவாச்சும் வந்தியே" என்று ஹாஜா முகைதீன் நகர்ந்து இடம் விட்டார். இருவரும் சேர்ந்து கை வைத்தார்கள்.

திரும்பும்போது மாமனாரும் மருமகளும் தெருவில் சேர்ந்து நடந்தார்கள். வீடு நெருங்கியதும் அவர் சொன்னார்.

"பெரியவன் வர்ற வரைக்கும், ராத்திரிக்கும் காலையிலயும் ஒன் வீட்டுலதான் சாப்பிட வேண்டியிருக்கு. அடுத்த முறையில அதைக் கழிச்சுக்க ஆத்தா."

அமராவதி நின்றாள். "வட்டிலக் குடுங்க மாமா, நான் கொண்டாரேன்" என்று கையை நீட்டினாள்.

"இருக்கட்டும். அவுத்தா நாளைக்குத் திரும்பத் துண்டுல முடியணும்ல" என்றார் அவர்.

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.