பறிக்காமல் விட்ட நாலு நிரை

முஸ்தாக்கின் உம்மா கல்முனையிலிருந்து எனக்குப் போன் எடுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மகன், உங்கட ஊர்ல தேனீ, குளவி கிடக்கா?"

"சேச்சே, இங்க அடிக்கிற குளிருக்கு அதெல்லாம் வாழாது உம்மா."

ஊவா மாகாணத்துக் குளவிகளை ஒரே வரியில் ஒழித்துவிட்டேன். உம்மா நிம்மதியாக மூச்சுவிட்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார். ஏழாம் ஆண்டு படிக்கும்போது முஸ்தாக்கை ஒரு தேனீ கொட்டியிருக்கிறது. பத்து நிமிஷத்தில் தொண்டை அடைத்து, உதடு நீலமாகி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்த்தான் கண்ணைத் திறந்திருக்கிறான். இன்னொரு தடவை கொட்டினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம்.

"அவன் வெக்கத்துல ஒருத்தருக்கிட்டயும் சொல்ல மாட்டான். நீங்க பாத்துக்கோங்க மகன்."

"பாத்துக்கிறேன் உம்மா."

போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

முஸ்தாக்கும் நப்ரீஸும் பல்கலைக்கழகத்தில் என் அறைத் தோழர்கள். இரண்டு பேருக்கும் கல்முனை. கடலைத் தவிர வேறு எதையும் பார்த்தறியாதவர்கள். விடுமுறைக்கு மலை பார்க்க வந்திருந்தார்கள். வழிகாட்டி நான். என் தகுதி, தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் என்பது. எனக்கு மூன்று வயதாக இருக்கும்போதே அப்பா பசறை டவுனுக்கு வந்து கடை போட்டுவிட்டார் என்பதை அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தேயிலைச் செடியைப் பஸ் ஜன்னல் வழியாக நிறையப் பார்த்திருக்கிறேன்.

புது ஊர் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. ஊர்க்காரன் அரிசிப் பையோடு பஸ்ஸுக்கு ஓடுவான். நாம் அதே பஸ்ஸைப் படம் பிடித்துக்கொண்டு நிற்கலாம். பதுளையில் முதல் இரண்டு நாளும் அப்படித்தான் போனது. துன்ஹிந்தை அருவிச் சாரலில் மூன்று பேரும் நனைந்து நின்றோம். வழியில் அவித்த சோளம் வாங்கித் தின்றோம். ரயில் நிலையத்தில் எந்த ரயிலுக்கும் காத்திருக்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நப்ரீஸ் எதைக் கண்டாலும், "இது எப்ப கட்டினது மச்சான்?" என்று கேட்டான். நானும் சளைக்காமல் 1857 என்றேன். பழைய கட்டடத்துக்கும் 1857, பாலத்துக்கும் 1857. புதிதாகத் திறந்த கோழிக் கடைக்கும் 1857 என்றபோதுதான் அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"டேய் தயா, நீ வாய் திறந்தா பொய்தானே?"

"தோட்டத்தான் பொய் சொல்ல மாட்டான்டா."

இந்த இரண்டு நாளும் ஏதாவது ரீங்காரம் கேட்டால் முதலில் என் முதுகுதான் சில்லிட்டது. சோளக் கடையில் ஓர் ஈ முஸ்தாக்கின் தோளில் உட்கார்ந்தது. நான் பாய்ந்து அடித்ததில் அவன் கையிலிருந்த சோளம் பள்ளத்துக்குள் போய்விட்டது. "என்னடா பைத்தியமா?" என்றான். வெறும் ஈ என்றேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூன்றாம் நாள் காலை பெரகலைச் சந்தியில் இறங்கி, ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, தோட்டப் பாதையில் ஏறினோம். பனி மூட்டம். பத்தடிக்கு முன்னால் போகிற நப்ரீஸ் வெறும் சட்டையாகத்தான் தெரிந்தான். வளைவு தாண்டியதும் மூட்டம் கிழிந்தது. மலைச்சரிவு முழுக்கத் தேயிலை, வாரிவிட்ட தலைமுடி மாதிரி. நடுவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் நாலு நிரை பறிபடாமல் உயர்ந்து, தளிர் விட்டு, வெயில் பட்டுத் தங்கமாக நின்றது. ஓரச் செடியில் ஒரு சிவப்புத் துணித் துண்டு கட்டியிருந்தது.

"அதுதான்டா இடம்!" என்றான் நப்ரீஸ். "அந்தத் துணி என்ன?"

எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று நாளாகத் தெரியாது என்ற சொல்லையே நான் பயன்படுத்தவில்லை.

"முனியாண்டி சாமிக்கு நேர்த்தி. அந்தக் கொழுந்து சாமிக்கு. யாரும் பறிக்க மாட்டாங்க. படம் எடுக்கலாம், சாமி ஒண்ணும் சொல்லாது."

முஸ்தாக் உள்ளே இறங்கினான். இடுப்பளவு செடிக்குள் நின்று கையை விரித்தான். நப்ரீஸ் போனைத் தூக்கினான். மேலே தூரத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டினார். எங்கள் ஆட்களின் விருந்தோம்பலை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. நானும் இரண்டு கையையும் ஆட்டினேன்.

அவர் கூடையைக் கழற்றி எறிந்துவிட்டு எங்களை நோக்கி ஓடிவரத் தொடங்கினார்.

விருந்தோம்பலுக்காகக் கூடையை யாரும் எறிய மாட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. பயம் காலிலிருந்து ஏறியது. "முஸ்தாக், வெளிய வா," என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போ மச்சான்," என்றான் நப்ரீஸ். முஸ்தாக் ஓரடி பின்னால் வைத்தான்.

முதலில் சத்தம்தான். தூரத்தில் யாரோ மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்த மாதிரி. பிறகு அது தூரத்தில் இல்லை. செடிக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒன்று எழும்பி, விரிந்து, முஸ்தாக்கின் தலையைச் சுற்றியது. அவன் கையை வீசினான். நான் அவனிடம் ஓடியிருக்க வேண்டும். என் கால்கள் எதிர்த் திசையில் ஆறு அடி ஓடின. இதை நான் வேறு எங்கும் சொன்னதில்லை.

"வீசாத! படு! குப்புறப் படுடா!"

அந்தப் பெண் வந்துவிட்டார். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை உருவி முஸ்தாக்கின் மேல் போட்டு, அவனை மழைநீர்க் கானுக்குள் தள்ளி, அவன் மேல் தானும் குப்புற விழுந்தார். நானும் நப்ரீஸும் பாதையோரக் கானில் முகத்தை மண்ணில் புதைத்துக் கிடந்தோம். தலைக்கு மேலே அந்தச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. ஈரமண் வாயில் கசந்தது. கல்முனைக்கு என்ன சொல்வது என்பதைத் தவிர வேறு எதுவும் நினைக்க முடியவில்லை.

சத்தம் அடங்கியதும் அந்தப் பெண் எழுந்தார். பெயர் இராக்கம்மா என்று பிறகு தெரிந்தது. கழுத்திலும் கையிலும் தடித்துக்கொண்டிருந்தது. முஸ்தாக்கைப் புரட்டிப் பார்த்தார். "ரெண்டு கொட்டுதான்," என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "துணி கட்டியிருக்குல்ல? கூடு இருக்குன்னுதானே அந்த நெரைய பறிக்காம விட்டிருக்கு? கண்ணு தெரியலயா?"

நப்ரீஸ் என்னைப் பார்த்தான். ஏசியிருந்தால் தேவலை.

"ஒண்ணுமில்ல, ரெண்டுதானே," என்று முஸ்தாக் சிரித்தான். சிரித்த உதடு ஒரு பக்கம் தடிக்கத் தொடங்கியிருந்தது. இராக்கம்மா கொழுந்து லொறியைக் கை காட்டி நிறுத்தினார். சாக்குகளுக்கு மேல் உட்கார்ந்து தோட்டத்து மருந்தகத்துக்கு இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அவன் மூச்சு ஒரு சுருதி ஏறியது. கடைசி வளைவில் அது விசில் சத்தமாகிவிட்டது. அவன் என் கையைப் பிடித்திருந்த பிடியில் நகம் தோலுக்குள் இறங்கியது.

மருந்தகத்தில் பொன்னையா என்ற மருந்துக்காரர் இரண்டு பேரையும் பார்த்தார். இராக்கம்மாவுக்கு ஒன்பது கொட்டு, முஸ்தாக்குக்கு இரண்டு. அலமாரியைத் திறந்தார். குளவிக் கொட்டுக்குப் போடுகிற ஊசி மருந்து ஒரே ஒரு குப்பிதான் இருந்தது.

"இந்தப் புள்ள பயத்துல மூச்சு வாங்குது. டூரிஸ்ட் பயலுக எல்லாம் இப்புடித்தான். ஒம்போது கொட்டு வாங்குனவளுக்குத்தான் மொதல்ல..."

"ஐயா, இவனுக்குக் குளவி ஒத்துக்காது. சின்ன வயசுல ஒரு தேனீ கொட்டி சாகக் கிடந்தவன்," என்றேன்.

முஸ்தாக் கையை அசைத்து இல்லை என்றான். அந்த நிலையிலும் வெட்கம். நப்ரீஸ் முகம் சிவக்கக் கத்தினான்: "ஐயா, இவன்ட பேச்ச நம்பாதீங்க! மூணு வருஷம் ஒரே ரூம்ல இரிக்கோம், எனக்குத் தெரியாத நோய் வருத்தமா? சாமிக்கு நேர்த்தி எண்டு சொல்லித்தான் இவன் அவன அதுக்குள்ள இறக்கினவன்!"

பொன்னையா என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்று யோசித்து முகத்தை அப்படி வைக்கப் பார்த்தேன். இன்னும் மோசமாகிவிட்டது போலிருக்கிறது. அவர் இராக்கம்மாவின் பக்கம் திரும்பிவிட்டார்.

நான் சொல்வதை நம்பவைக்க உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். கல்முனை நம்பரை அழுத்தினேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மகன்! இண்டைக்கு எங்க பாத்தீங்க? அழகா இரிக்கா?"

"உம்மா, முஸ்தாக்குக்குக் குளவி கொட்டிருச்சு. நான் பொய் சொன்னேன் உம்மா. இங்க குளவி இருக்கு. அன்னைக்குச் சொன்னத மருந்துக்காரரிட்டச் சொல்லுங்க. என்னைய நம்புறாங்க இல்ல."

உம்மா அழுவார், ஏசுவார் என்று பயந்தேன். வந்த குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. எந்த வயது, எத்தனை நிமிஷம், எந்த ஆஸ்பத்திரி, தொடையில் என்ன ஊசி போட்டார்கள், அடுத்த தடவை என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னது, எல்லாம் வரிசையாக வந்தது.

"எனக்கு வேணாங்கய்யா," என்று இராக்கம்மா எழுந்தார். "நான் வாங்காத கொட்டா? அந்தப் புள்ளைக்குப் போடுங்க."

பொன்னையா காற்சட்டைக்கு மேலாகவே முஸ்தாக்கின் தொடையில் ஊசியை இறக்கினார். நப்ரீஸ் அம்புலன்ஸுக்கு அடித்துவிட்டு வாசலில் முழந்தாளில் முகம் புதைத்து உட்கார்ந்தான்.

"ஊசி போட்டாச்சு உம்மா. வச்சிரட்டுமா?"

"வைக்காதீங்க. அவன்ட வாய்க்கிட்டப் புடிங்க."

பிடித்தேன். விசில் சத்தம் கேட்டது. நின்றது. நின்ற இடத்தில் என் உயிரும் நின்றது. மறுபடி வந்தது, கொஞ்சம் தாழ்ந்த சுருதியில். பொன்னையா நாடியைப் பிடித்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். விசில் தேய்ந்து சாதாரண மூச்சாகிக்கொண்டிருந்தது. கை கடுத்தது. மாற்றினால் சத்தம் விட்டுப்போகுமோ என்று மாற்றவில்லை.

கல்முனையிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அறவில்லை. உம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.