மேசைமேல் ஒன்பது நாள்

நான்காவது நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. ஹோட்டல் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து பொது மேலாளர் தெர்மாமீட்டரைப் பார்த்தார். நூற்று மூன்று. கண்ணாடி போடாததால் அப்படித் தெரிகிறதோ என்று கண்ணாடி போட்டுப் பார்த்தார். நூற்று மூன்றுக்கு மேலே இரண்டு கோடு.

ஊருக்குப் போன் போட்டார். மனைவிக்கு அல்ல, அவள் அழுவாள். மருந்துக்கடை வைத்திருக்கும் மனைவியின் தம்பிக்கு.

"டைபாய்டு தடுப்பு மருந்துதான் முழுங்கிட்டு வந்தேனே மாப்ளே. அப்போ இது வேற ஏதாவதுதானே?"

"நாலு கேப்சூலும் நாள் விட்டு நாள் போட்டீங்களா மாமா?"

"போட்டேன். ஆபீஸே பார்த்துச்சு."

"ஆபீஸ் எதுக்குப் பார்க்கணும்? ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்து வாயில போட வேண்டியதுதானே?"

பொது மேலாளர் தெர்மாமீட்டரை உறைக்குள் போட்டார்.

அவருடைய லிஃப்ட் கம்பெனியில் வெளிநாட்டுப் பயிற்சிக்குத் தேர்வான முதல் ஆள் அவர்தான். அழைப்புக் கடிதத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். ஆனால் கடிதத்தைக் குனிந்து படிக்க எவனுக்கும் பொறுமை இல்லை. மருந்துப் பெட்டி அப்படியல்ல. 'என்ன சார், உடம்புக்கு?' என்று யாரும் கேட்பார்கள். 'உடம்புக்கு ஒண்ணுமில்ல, ஃபாரின் போறவங்க சாப்பிடணும்' என்று சலிப்போடு சொல்லலாம். கேட்காதவர்கள் பக்கம் பெட்டியை இரண்டு அங்குலம் நகர்த்தினார். ஜன்னல் வெயிலில் ஒன்பது நாள்.

"மாமா, அதுக்குள்ள இருக்கிறது வீரியம் கொறைச்ச, உயிருள்ள கிருமி. சில்லுன்னு வெச்சாத்தான் வேலை செய்யும். கொடுக்கும்போதே சொன்னேனே."

சொன்னான். 'எனக்குப் பாடம் எடுக்காதே' என்று அப்போது கையைக் காட்டி நிறுத்தியது இவர்தான்.

"டாக்டர்கிட்ட அப்படியே சொல்லிடுங்க. மருந்து சாப்பிட்டாச்சுன்னு மட்டும் சொல்லி வெச்சுடாதீங்க. டைபாய்டா இருந்து நாளைக் கடத்தினா குடல்ல ஓட்டை விழும்."

ஓட்டை என்ற சொல்லும் அவரோடு லிஃப்டில் இறங்கியது. இந்த இரண்டு வாரத்தில் குடித்த ரோட்டுக்கடை ஜூஸ்கள் வரிசையாக ஞாபகம் வந்தன. ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று தயங்கியவர்களிடம், 'நமக்குத்தான் மருந்து இருக்கே' என்று சிரித்து இன்னொரு கிளாஸ் கேட்டவரும் அவரே.

பயிற்சிக்குக் கூட வந்திருந்த உதவியாளர் கைத்தாங்கலாக மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த தமிழ் டாக்டரம்மா படிவத்தைப் பார்த்துக் கேட்டார். "டைபாய்டு தடுப்பு?"

"ஆச்சு மேடம்" என்று உதவியாளர் முந்திக்கொண்டார். "எங்க ஆபீஸ்லயே முதல்ல சாப்பிட்டது சார்தான். நான் கண்ணால பார்த்தேன்."

டாக்டர் ஒரு டிக் போட்டார். "அப்போ சாதாரண காய்ச்சலாத்தான் இருக்கும். ரெண்டு நாள் பார்ப்போம்."

இரண்டு நாள். பொது மேலாளர் உதவியாளர் பக்கம் திரும்பினார்.

"நீ கொஞ்சம் வெளியே இருப்பா."

"உங்கள இந்த நிலைமையில விட்டுட்டா? நல்லாச் சொன்னீங்க சார்."

பத்து வருஷமாக அவர் தும்மினால்கூட அதில் ஏதோ விஷயம் இருப்பதாக நம்புகிறவர் இந்த உதவியாளர். டாக்டர் பேனாவை மூடினார். நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிடக் கதவைத் திறந்தாள். பொது மேலாளர் பாதி எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"மேடம், அந்த டிக்கை அழிச்சிடுங்க."

"ஏன்?"

"அது கெட்டுப்போன மருந்து. ஒன்பது நாள் மேசைமேல வெச்சிருந்தேன்."

"ஃப்ரிட்ஜ் இல்லையா?"

"இருக்கு. ரெண்டு இருக்கு."

"அப்புறம் மேசைமேல எதுக்கு?"

"பார்க்கிறதுக்கு."

"யார் பார்க்கிறதுக்கு?"

அவர் தரையைப் பார்த்தார். "வர்றவங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. அதுவே பயமாக இருந்தது. "நல்ல மருந்தே முழுசாக் காப்பாத்தாது. உங்களுக்கு எதுவுமே போடாத மாதிரிதான். ரத்தம் எடுக்கணும். இன்னைக்கே இங்க படுத்துடுங்க."

நர்ஸ் அவர் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டினாள். உதவியாளரைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் உதவியாளர் அவரைப் பார்க்கவே இல்லை. டாக்டரின் மேசையருகே நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், நானும் அதே மருந்துதான் சாப்பிட்டேன்."

"நீங்க எங்க வெச்சிருந்தீங்க?"

"என் மேசைமேல. சார் வெச்சிருந்ததப் பார்த்துட்டு."

"உங்களுக்குக் காய்ச்சல் ஏதாவது?"

"நேத்துலேருந்து லேசா. சாருக்கு முடியலையேங்கிற கவலைன்னு நெனச்சேன்."

டாக்டரம்மா உதவியாளரின் நெற்றியில் புறங்கையை வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.