செயலிக்குச் சொல்லாத நோன்பு

எம்.கே.பி. நகர் மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் உபைதுல்லா, அந்தச் செயலி கைக்கு வந்ததிலிருந்து அதைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடினார். கம்பத்தில் கட்டிய செல்போன் ஆட்டத்தைப் படமெடுக்கும். யார் எவ்வளவு ஓடினாள், எங்கே மூச்சு வாங்கி நின்றாள் என்று செயற்கை நுண்ணறிவு பார்த்து மார்க் போட்டு அனுப்பிவிடும். பகலெல்லாம் மணலியில் டேங்கர் லாரிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, ஒற்றை ஆளாக அத்தனை பிள்ளைகளையும் மேய்த்த மனுஷருக்கு இது பெரிய நிம்மதிதான். யார் இல்லை என்றது?

ரமலான் பிறந்ததும் செயலி ஒரு கேள்வி கேட்டது. நோன்பு வைப்பவர்கள் யார் யார் என்று குறித்துவிட்டால், அவர்களுக்குக் கொஞ்சம் சலுகை கொடுத்து மார்க் போடுமாம். உபைதுல்லாவும் நோன்பாளிதான். ‘அடடா, என்ன அறிவு’ என்று மெச்சிக்கொண்டு, நவ்ரீன் முதலான முஸ்லிம் பிள்ளைகளின் பெயர்களில் டிக் போட்டார். ஒருத்தியிடமும் வாய் திறந்து கேட்கவில்லை. பேரைப் பார்த்தாலே தெரிகிறதே, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

அந்த மாதக் கடைசியில் ஒரு கால்பந்து அகாடமி, மைதானத்துக்கு ஒரு பிள்ளை என்று எடுத்து விடுதியில் சேர்த்துக்கொண்டு, படிப்பும் ஆட்டமும் கொடுப்பதாக இருந்தது. மார்க்கோடு ஒரே பெயர்தான் அனுப்ப வேண்டும். காசிமேட்டில் மீன் வாங்கி விற்கும் நீலாவின் மகள் ஜெயஸ்ரீக்குத்தான் அந்த இடம் என்று மைதானமே முடிவு கட்டியிருந்தது. வயது வரம்பு இருந்ததால், அவளுக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பும் இல்லை.

ஆனால் அவள் மார்க் சரிய ஆரம்பித்தது.

“இன்னாம்மா, ஓடவே மாட்டேன்ற? சீட்டு கிட்ட வந்ததும் தலைக்கனம் ஏறிடுச்சா?” என்றார் உபைதுல்லா.

ஜெயஸ்ரீ ஒரு பார்வை நவ்ரீனைப் பார்த்தாள். இருவரும் நடுவரிசையில் ஜோடியாக ஆடுகிறவர்கள். “ஓட்றேன் கோச்” என்றாள்.

“நான் சொல்லல. இது சொல்லுது” என்று போனைத் தூக்கிக் காட்டினார்.

பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி வாங்க ஓடுவார்கள். அந்தக் கஞ்சிக்கு யாரும் வரலாம், ஊரே தூக்குவாளியோடு நிற்கும். ஜெயஸ்ரீ நவ்ரீனோடு முன்னால் நிற்பாள். பாங்கு சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் குடிப்பாள்.

“ஆட்டத்துல கால் வரல, கஞ்சிக்கு மட்டும் மொத ஆளா வந்துட்ற” என்றார் பக்கத்தில் நின்ற உபைதுல்லா ஒருநாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

நவ்ரீனின் பெயர் அகாடமிக்குப் போனது.

பெருநாள் காலையில் நவ்ரீன் உபைதுல்லா வீட்டுக்கு வந்தாள். ஸலாம் சொன்னவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“எனுக்கு அந்த சீட்டு வாணாம் கோச். ஜெயாவும்தான் நோன்பு வெச்சா. நான் தண்ணி குடிக்காம ஓட்றப்போ, அவளுக்கு மட்டும் எறங்காதாம். மொத நாள்லேர்ந்து வெச்சா. உங்களுக்குத் தெரிஞ்சா வாணாம்னுடுவீங்கன்னு, பெருநாள் வரிக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினா.”

உபைதுல்லா உடனே போனை எடுத்தார். செயலியைத் திறந்து ஜெயஸ்ரீயின் பெயரில் டிக் போட்டார். அது ஒரு வார்த்தை எதிர்க்கேள்வி கேட்காமல் மார்க்கைத் திருத்தி, அவளை எல்லோருக்கும் மேலே கொண்டுபோய் வைத்தது. அகாடமிக்குப் போன் போட்டார். முடிந்தது முடிந்ததுதான், பெயர் அனுப்பிய பிள்ளை வராவிட்டால் இடம் வேறு மைதானத்துக்குப் போய்விடும் என்றார்கள். நவ்ரீனைப் போகச் சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

பிரியாணித் தூக்கை எடுத்துக்கொண்டு நீலாவின் வீட்டுக்குப் போனார்.

“வா பாய், பெருநாளும் அதுவுமா வாசல்லயே நின்னுகினு கீற” என்றாள் நீலா. அவர் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. “விடியறதுக்கு முன்ன காசிமேட்டுக்குப் போறப்போ நான்தானே அதுக்கு சோறு போட்டுட்டுப் போவேன். உனுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

உள்ளேயிருந்து ஜெயஸ்ரீ வந்தாள்.

“தப்பு பண்ணிட்டேம்மா. நான் திட்டினப்பயாவது சொல்லியிருக்கலாமே?”

“நானா சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன் கோச். நீங்க கேட்டிருந்தா பொய் சொல்லியிருக்க மாட்டேன்.”

உபைதுல்லாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நோன்பு திறக்கும் முதல் வாய்த் தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது கண் தானாக மூடும். விவரம் தெரிந்த நாளிலிருந்து நோன்பு வைக்கிறவருக்கு அது தெரியாதா? தினமும் பக்கத்தில் நின்று அந்தக் கண்ணைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கேலி வேறு பேசினார்.

ஜெயஸ்ரீ தூக்கை வாங்கித் திறந்து பார்த்தாள்.

“கஞ்சி இல்லியா கோச்?” என்று சிரித்தாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.